தூங்காத பாட்டு



போன மாதம் அப்பா செல்போனில் ஒரு பாட்டுச் செயலியை ஏற்றினேன். பேர் வேண்டாம். ஸ்வீடனில் 2006-ல் தொடங்கி 2019-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை போல இப்போது நிறைய இருக்கின்றன. எதைக் கேட்டாலும் கிடைக்கிறது. பாட்டி சொன்ன பழைய பாட்டுகூட கிடைத்தது. நடுநடுவே விளம்பரம் வரும், அவ்வளவுதான். எனக்கு ஒரே சந்தோஷம்.

இதில் பாட்டு நம் போனில் இருக்காது. எங்கோ உள்ள கணினியிலிருந்து துண்டு துண்டாக வரும். கொஞ்சம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால்தான் டவர் இல்லாத இடத்தில் பஸ் போனாலும் பாட்டு உடனே நிற்பதில்லை. சி.டி.யில் ஒரு நொடி இசைக்கு சுமார் 1411 கிலோபிட் வேண்டும். நம் காது கவனிக்காத ஒலிகளை விட்டுவிட்டு அதை 160 ஆகச் சுருக்கி அனுப்புகிறார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான்கு நாள் ராத்திரி பாட்டு கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன். நான்தான் தூங்கினேன், பாட்டு தூங்கவில்லை! ஒன்று முடிந்தால் அதே மாதிரி இன்னொன்றை அதுவாகவே போட்டுக்கொண்டு விடியும்வரை பாடியிருக்கிறது. ஐந்தாம் நாள் நெட் இல்லை. அப்பா போட்டிருந்தது 28 நாளைக்கு 2 ஜி.பி. பேக். பூ விலை அவருக்கு வாட்ஸ்அப்பில்தான் வரும். அதைப் பார்த்துத்தான் எந்த மார்க்கெட்டுக்குப் போவதென்று முடிவு பண்ணுவார். அன்றைக்குத் தெரியாமல் வழக்கமான இடத்துக்கே போனார். அங்கே விலை இறங்கிக் கிடந்தது. வந்து என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்று சாயங்காலம் கணக்கு நோட்டை எடுத்தேன். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே நொடிக்கு 160 கிலோபிட் என்றால் 20 கிலோபைட். நிமிடத்துக்கு 1200 கிலோபைட், அதாவது 1.2 எம்.பி. ஒரு மணிக்கு 72. ஏழு மணி நேரத் தூக்கத்துக்கு 504. நான்கு ராத்திரிக்கு 2016 எம்.பி.! பேக் முழுசும் நான் கேட்காத பாட்டுக்கே போயிருக்கிறது. (இதே கணக்கைப் பரீட்சையில் கேட்டிருந்தால் தப்பாகத்தான் போட்டிருப்பேன்.)

ரேடியோவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒரு கோபுரத்திலிருந்து ஒரே அலை போகிறது. பத்துப் பேர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் அதே அலைதான். இங்கேயோ ஆளுக்குத் தனித்தனியாக அனுப்ப வேண்டும், வாங்குகிற அளவுக்கு நம் டேட்டா குறையும்.

ரீசார்ஜுக்கு என் உண்டியல் காசைக் கொடுத்தேன். அப்பா பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். செயலியை அழிக்கவில்லை. அமைப்புகளில் தேடியபோது ஒலித்தரத்தை நொடிக்கு 24 கிலோபிட்டாகக் குறைக்க வழி இருந்தது. ஒரு மணிக்கு 10.8 எம்.பி.தான் ஆகிறது. ஆனால் தவில் சத்தம் தகர டப்பா மாதிரி கேட்கிறது. அதனால் 160-லேயே விட்டுவிட்டு, 15 நிமிடத்தில் தானாக நிற்கும்படி வைத்திருக்கிறேன். 18 எம்.பி. மூன்று பாட்டு வரும். மூன்றாவது முடிவதற்குள் நான் தூங்கிவிடுகிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி