ஒற்றுமையைவிட வேற்றுமையைக் கவனியுங்கள்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் ஏராளம். கம்மவார், ரெட்டியார், ராஜகம்பளத்தார், அருந்ததியர் எனப் பல சமூகங்கள் வீட்டில் பேசுவது தெலுங்குதான். அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களில் கன்னடமும் உண்டு. இந்த மொழிகளின் சொற்களை ஒப்பிட்டுக் குறிப்பெடுக்க விரும்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் நான் சொல்லும் முதல் பாடம், ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களைக் கண்டு மயங்காதீர்கள் என்பதுதான். தாசில்தார், வசூல், ஜமீன் எல்லாம் மூன்று மொழியிலும் இருக்கின்றன. ஆனால் அவை ஆட்சியோடும் வரியோடும் வந்த பாரசீக, அரபுச் சொற்கள். அவற்றை வைத்து உறவு பேச முடியாது.

உறவைக் காட்டுவது ஒழுங்கு தவறாத வேறுபாடு. நம் பால், புலி, பாம்பு தெலுங்கில் பாலு, புலி, பாமு. கன்னடத்திலோ ஹாலு, ஹுலி, ஹாவு. முதலில் நிற்கும் பகரம் கன்னடத்தில் மட்டும் வரிசையாக ஹகரமாகிறது. அதேபோல நம் ஏழு, கோழி தெலுங்கில் ஏடு, கோடி. இந்த ழகர-டகர உறவு தெரியாதவர், தெலுங்கு வீட்டில் சாப்பாட்டைக் 'கூடு' என்று சொல்லக் கேட்டால் குருவிக்கூட்டை நினைப்பார். தெரிந்தவருக்கு அது நம் கம்பங்கூழின் 'கூழ்' என்பது உடனே புரியும்.

"இந்த வீட்டுத் தெலுங்கு தமிழ் கலந்தது, ஆராய்ச்சிக்கு உதவாது" என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஏழு என்ற எண்ணைத் தமிழிலிருந்து வாங்கியிருந்தால் ஏடு என்று ஒலித்திருக்காது. எது கடன், எது பூர்வீகம் என்பதை அந்த ஒழுங்கே பிரித்துக் காட்டிவிடும். "1816-இல் எல்லிஸும் 1856-இல் கால்டுவெல்லும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்களே" என்றும் கேட்பார்கள். அவர்கள் இந்த மொழிகளின் குடும்ப உறவை நிறுவினார்கள். இந்த மண்ணில் எந்தச் சொல் எந்தப் பொருளில் புழங்குகிறது என்பதை இங்கே வந்து கேட்டால்தான் தெரியும். இடைசெவல் கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி தந்தார். அதே உழைப்பு வீட்டுத் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் வேண்டும்.

உடலுறுப்பு, எண், உறவுமுறை, ஆடுமாடு, உழவுக் கருவி என்று தொடங்குங்கள். தனிச்சொல்லாகக் கேட்காமல் வாக்கியத்தோடு கேளுங்கள். தமிழ் எழுத்தில் ஒரே வல்லின எழுத்தின் வல்லோசை, மெல்லோசை வேறுபாடு தெரியாது. ஆகவே கைப்பேசியில் குரலையும் பதியுங்கள். பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் படித்து வளரும் பிள்ளைகளிடம் இந்தச் சொற்கள் குறைந்துவருகின்றன. வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே உட்கார்ந்து கேளுங்கள்.