பிளஸ் ஒன் குரூப்: கணக்கை வெட்டிவிடாதீர்கள்

சங்கரன்கோவிலில் இருபது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கிற மாதங்களில் யூனிஃபார்ம் தைத்து வருகிற காசில்தான் மற்ற மாதங்களின் கடை வாடகை ஓடும். வளர்கிற பிள்ளைக்குத் தைக்கும்போது இரண்டு பக்கமும் ஒரு விரலளவு துணியை உள்ளே மடித்து விடுவேன். பிள்ளை சதை போட்டால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் இப்படி யோசித்துத் தைத்த நான், என் மகளுக்குப் பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும்போது அந்த ஒரு விரல் துணியை விடவில்லை. ஒட்ட வெட்டிவிட்டேன். பத்தாவது படிக்கிற பிள்ளையை வைத்திருக்கிற அம்மாமார் இதைப் படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்.

2022-ல் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததே ஜூன் 20-ம் தேதிதான். மகள் 500-க்கு 462. கணக்கில் 96. டாக்டராக வேண்டும் என்பது அவளுக்கும் ஆசை, எனக்கும் ஆசை. ஏழெட்டு நாளில் பிளஸ் ஒன் வகுப்பு தொடங்கிவிடும் என்றார்கள். முடிவெடுக்க இருந்த நேரம் அவ்வளவுதான்.

நான் சரியாகச் செய்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்தே அவள் அரசுப் பெண்கள் பள்ளிதான். ரிசல்ட் வந்ததும் சொந்தத்தில் ஆளாளுக்கு வந்து, "இவ்வளவு மார்க் வாங்குன பிள்ளைய இன்னுமா கவர்மென்ட் ஸ்கூல்ல வச்சிருக்க?" என்று கேட்டார்கள். ஹாஸ்டலோடு சேர்ந்த தனியார் பள்ளிகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னார்கள். நான் அசையவில்லை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என்று மற்ற தொழில் படிப்புகளுக்கும் கொடுத்தார்கள். பொறியியலில் அந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு மட்டும் தனியாருக்கு மாற்றினால்கூட அந்த உரிமை போய்விடும். என் நாத்தனார் மாற்றினார். அவர் மகளுக்கு அது போயிற்று. அன்றைக்கு என்னை விவரம் தெரியாதவள் என்று சொன்னவர்கள் இப்போது அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

டி.சி. வாங்காமல் பிள்ளையைக் காப்பாற்றினேன். அதே பள்ளியின் சேர்க்கை மேஜையில் வைத்து அவளைக் கவிழ்த்தேன்.

ஒயிட்னர் தடவிய இடம்

மகள் விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக எழுதியிருந்தது பயோ-மேத்ஸ். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். ஊரில் ஃபர்ஸ்ட் குரூப் என்பார்களே, அது. முந்தின நாள் ராத்திரி என் கொழுந்தனார் வந்திருந்தார். கோச்சிங் சென்டர் ஒன்றில் அவருக்குப் பழக்கம் உண்டு. பிள்ளைகளைச் சேர்த்துவிடுவார்.

"மதினி, நீட்டுல கணக்குப் பேப்பரே கிடையாது. 720 மார்க்ல 360 உயிரியல். பிறகு எதுக்குப் பிள்ள கணக்கைச் சுமக்கணும்? பியூர் சயின்ஸ் போடுங்க. தாவரவியல், விலங்கியல் ரெண்டும் தனித்தனிப் பேப்பர். அதுலயே பாதி நீட் முடிஞ்சிரும். கணக்கு வெறும் பாரம்."

அவர் சொன்ன எண்களில் பொய் இல்லை. அதனால்தான் நம்பினேன். மறுநாள் பள்ளியில், பியூர் சயின்ஸ் என்று மாற்றி எழுதச் சொன்னேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்துப் பிள்ளையிடம் ஒயிட்னர் வாங்கித் தடவி, ஊதிக் காயவைத்து, அதன் மேல் எழுதினாள். பக்கத்தில் நின்ற கணக்கு டீச்சர் அதைப் பார்த்துவிட்டார்.

"அம்மா, நான் போர்டுல தப்புப் போட்டா எந்திரிச்சுச் சொல்லுற பிள்ள இவ. இவளைக் கணக்குலேர்ந்து எடுத்துடாதீங்க. டாக்டர் ஆகணும்னா பயோ-மேத்ஸ்லேர்ந்தும் ஆகலாம். அதுலயும் உயிரியல் இருக்கு."

"பாரம் அதிகமாயிரும் டீச்சர்" என்றேன். அந்தப் 'பாரம்' என் சொல் இல்லை. முந்தின ராத்திரி கொழுந்தனார் கொடுத்துவிட்டுப் போனது. ஐந்து வருடம் என் பிள்ளையைப் பார்த்த டீச்சரின் சொல்லைவிட, அரை மணி நேரம் காப்பி குடித்துவிட்டுப் போனவரின் சொல் எனக்குப் பெரிதாகப் போயிற்று.

அவள் கேட்ட நாள்

இது மட்டுமென்றால்கூட மனம் ஆறியிருக்கும். சரி செய்துகொள்ள இன்னொரு வாய்ப்பு வந்தது. அதையும் நான்தான் அடைத்தேன்.

ஜூலை மாதம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் புது யூனிஃபார்ம் என்பதால் கடையில் ஓவர்கோட் மலைபோல் குவிந்து கிடந்தது. மெஷினில் உட்கார்ந்திருந்தேன். மகள் இயற்பியல் முதல் தொகுதியை விரித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டாவது பாடம், இயக்கவியல். எடுத்த எடுப்பில் வெக்டர், அப்புறம் வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம்.

"யம்மா, பயோ-மேத்ஸ் பிள்ளைங்களுக்கு இது கணக்குலயும் வரும். எங்களுக்கு வராது. டீச்சர் ரெண்டு பீரியட்ல முடிச்சிட்டாங்க. நான் குரூப் மாத்திக்கிடட்டுமா? இந்த வாரத்துக்குள்ள சொன்னா மாத்தலாமாம்."

பாபினில் நூல் சுற்றிக்கொண்டே பதில் சொன்னேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "தொடங்கியாச்சு. ஒரு மாசத்துல மாத்துனா நாலு பேர் என்ன சொல்லுவாங்க? சித்தப்பா என்ன நினைப்பாரு?"

அவள் புத்தகத்தை மூடினாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுக்காததை, பிள்ளை பழகிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூடிய கதவு

2024-ல் பிளஸ் டூவில் இயற்பியல் 84, வேதியியல் 91. அந்த மே 5-ம் தேதி எழுதிய நீட்டில் இயற்பியல் 180-க்கு 41. பொதுத்தேர்வில் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தால் மார்க் வந்துவிடும். நீட் இயற்பியலில் கேள்விக்குக் கேள்வி கணக்குப் போட வேண்டும், அதுவும் நிமிடக் கணக்கில். நீட்டில் கணக்குப் பேப்பர் கிடையாது என்பது உண்மை. நீட்டில் கணக்கே கிடையாது என்பது பொய். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. 7.5 சதவீதத்தில்கூட இடம் கிடைக்கவில்லை.

அவளே, "பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிக்கேன்மா. ஆஸ்பத்திரி மெஷினெல்லாம் அவங்கதான் செய்வாங்க" என்றாள். சந்தோஷமாகப் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். பதிவு செய்துகொடுக்கிற பையன் மார்க் ஷீட்டை மேலும் கீழும் பார்த்தான். "கணக்கு மார்க் எங்கக்கா?" என்றான். இல்லை என்றேன். அவன் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டான்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200. அதில் 100 கணக்கு. இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணக்கு இல்லையென்றால் பாதி அங்கேயே போயிற்று. என் மகள் கணக்கில் 90 எடுத்திருந்தால்கூட, 90-ம் 42-ம் 45.5-ம் சேர்த்து 177.5. அந்த மார்க்குக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் நல்ல கல்லூரி கிடைத்திருக்கும், நயா பைசா இல்லாமல். எந்த உரிமையைக் காப்பாற்றச் சொந்தக்காரர்களோடு மல்லுக்கு நின்றேனோ, அதைப் பயன்படுத்த முடியாமல் நானே செய்துவிட்டேன்.

வேறு வழி தெரியாமல்தான் ரிப்பீட்டராக இன்னொரு வருடம். செயினை அடகு வைத்து 1,20,000 ரூபாய் கட்டினேன், கொழுந்தனார் சொன்ன அதே சென்டரில். 2025 மே 4-ம் தேதி எழுதினாள். அந்த வருட இயற்பியல் தாள் கடினம் என்று ஊர் உலகமெல்லாம் பேசியது. ரிசல்ட் வந்த அன்று கொழுந்தனார் போனை எடுக்கவில்லை. நாலு நாள் கழித்து வந்து, "பிள்ளைக்குக் கொடுப்பினை இல்ல மதினி" என்றார். கொடுப்பினை என் பிள்ளைக்கு இருந்தது. வழி சொன்னவருக்குப் பொறுப்புத்தான் இல்லை.

இப்போது அவள் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிறாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. விரும்பித்தான் படிக்கிறாள். அந்தப் படிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவளுக்கு நாலு வாசல் இருந்தது, மூன்றை நான் அடைத்தேன். என் வருத்தம் அதுதான்.

நான் கற்றுக்கொண்டவை

நீட் என்ற ஆசை இருந்தாலும் கணக்கை விடாதீர்கள். பயோ-மேத்ஸ் எடுத்த பிள்ளை டாக்டருக்கும் போகலாம், நர்சிங்குக்கும் போகலாம், இன்ஜினியரிங்குக்கும் போகலாம், என்.டி.ஏ. வழியாக விமானப்படை, கடற்படைக்கும் போகலாம். அந்தப் படைகளுக்கு இயற்பியலும் கணக்கும் கட்டாயம், இப்போது பெண் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். பதினைந்து வயதில் எடுத்த முடிவு பதினேழு வயதில் மாறும். மாறும்போது பிரித்துவிட்டுக்கொள்ள உள்ளே துணி இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் எழுதுவதற்கு முன்னால், பக்கத்து வீட்டில் யாரிடமாவது பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தை ஒரு நாள் கடன் வாங்குங்கள். இரண்டாவது பாடத்தைப் பிள்ளையிடம் காட்டுங்கள். பத்தாவதில் அறிவியல் ஒரே பேப்பர், அந்த மார்க்கை வைத்து இதை எடை போட முடியாது. இந்தப் பாடத்தைப் பார்த்துப் பிள்ளை மிரளுகிறாளா, பேனா எடுக்கிறாளா என்று பாருங்கள். எந்த கவுன்சலிங்கும் அதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

அறிவுரை சொல்கிறவருக்கு அதில் என்ன வரும்படி என்று கேளுங்கள். முகத்துக்கு நேராகவே கேளுங்கள், சொந்தக்காரராக இருந்தாலும். நான் கேட்கவில்லை. பிள்ளையின் பத்தாவது கணக்கு டீச்சரையும் அறிவியல் டீச்சரையும் தனித்தனியாகப் பாருங்கள். அவர்களுக்குக் கமிஷன் கிடையாது.

படிக்க நினைக்கிற படிப்பின் தகுதியைப் பார்த்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். இந்தப் படிப்புக்கு எந்தெந்தப் பாடம் வேண்டும், அது எந்தக் குரூப்பில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தலைமை ஆசிரியரைக் கேளுங்கள், அரசின் கல்வி உதவி எண் 14417-க்குப் போன் போடுங்கள்.

மற்றதெல்லாம் சுருக்கமாக: அந்தக் குரூப்புக்கு ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறதா என்று பள்ளியில் விசாரியுங்கள். பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26-லிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதற்காகப் பதினொன்றாம் பாடத்தைத் தள்ளிவிடாதீர்கள், நீட் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் வருகிறது. காமர்ஸ் என்றால் இளக்காரமாகப் பார்க்காதீர்கள். அதில் வணிகக் கணிதம் உள்ள பிரிவாக எடுங்கள். சி.ஏ. ஃபவுண்டேஷனை எந்தக் குரூப் படித்தவரும் எழுதலாம். பாலிடெக்னிக்கும் மட்டமில்லை, டிப்ளமோ முடித்தால் நேரடியாக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரலாம்.

போன ஜூலையில், பிளஸ் ஒன் சேர்ந்த பிள்ளைக்கு அளவு கொடுக்க ஒருத்தி வந்தாள். வழக்கம்போல என்ன குரூப் என்று கேட்டேன். பியூர் சயின்ஸ் என்றாள். என் கதையை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிள்ளையே ஒண்ணும் சொல்லலக்கா, சரின்னுட்டா" என்றாள்.

உள்ளே பித்தான் தைத்துக்கொண்டிருந்த என் மகள் அங்கிருந்தே சொன்னாள்: "அத்தை, கொஞ்ச நாள் கழிச்சு அவளா வந்து மாத்தணும்னு கேட்டா, அன்னைக்கே மாத்திவிட்ருங்க. ரெண்டாவது தடவ கேக்க மாட்டா."

மூன்று வருடத்தில் அன்றுதான் அவள் குரூப் மாற்றக் கேட்ட அந்த நாளைப் பற்றி வாய் திறந்தாள். நான் டேப்பைக் கீழே வைத்துவிட்டேன். எடுத்துக்கொண்டிருந்த அளவு மறந்துபோயிற்று. மறுபடி முதலிலிருந்து எடுத்தேன்.