கிரெடிட்: வரவா, கடனா?

மாசத்தோட முதல் வாரத்தில் உங்க போனுக்கு வந்த மெசேஜ்களை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. சம்பளம் கிரெடிட் ஆகிவிட்டது என்று பேங்க் சொல்லும். இன்னும் 1,20,000 ரூபாய் கிரெடிட் பாக்கி இருக்கிறது என்று கார்டு கம்பெனி சொல்லும். ஐந்தே நிமிஷத்தில் இன்ஸ்டன்ட் கிரெடிட் என்று ஏதோ ஒரு ஆப் கூப்பிடும். மூன்றிலும் ஒரே வார்த்தைதான். ஆனால் முதலாவது மட்டும்தான் உங்க பணம்.

தமிழில் இந்தக் குழப்பம் வரவே வராது. வரவு வேறு, கடன் வேறு. மளிகைக் கடையில் 'இன்று ரொக்கம் நாளை கடன்' என்ற போர்டைப் பார்த்துவிட்டு, நாளைக்கு நமக்கு ஏதோ வரவு இருக்கு என்று யாரும் சந்தோஷப்பட்டதில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்குமே கிரெடிட்தான். 'நம்புவது' என்று அர்த்தம் வரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. ஒருத்தர் நம்பிக் கொடுத்தார், இன்னொருத்தர் திருப்பித் தரணும். அவ்வளவுதான் விஷயம். கொடுத்தது யார், தர வேண்டியது யார் என்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

பேங்கையே எடுத்துக்குவோம். சிஏ பவுண்டேஷன் சேரும் பசங்க முதல் மாசம் தடுமாறுவது இங்கேதான். பாடப்புத்தகம், கையிருப்புப் பணம் கூடினால் பற்று, அதாவது டெபிட் என்று சொல்லும். பாஸ்புக்கில் பணம் போட்டால் கிரெடிட் என்று வரும். எது சரி? இரண்டும் சரி. பாஸ்புக் உங்க கையில் இருந்தாலும் அது உங்க நோட்டு இல்லை. பேங்கோட நோட்டின் நகல். அவங்க கணக்கில் நீங்க கடன் கொடுத்தவர். சம்பளம் வந்து விழுந்ததும் பேங்க் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது, அதனால்தான் கிரெடிட். இது வெறும் தியரி இல்லை. பேங்குக்கு நீங்க கொடுத்த கடன் என்பதால்தான் அந்தப் பணத்துக்கே ஒரு காப்பீடு இருக்கிறது. பேங்க் மூழ்கினால் ஒரு பேங்கில் ஒருத்தருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரைதான் அதில் கிடைக்கும்.

அதனால் கிரெடிட் என்ற வார்த்தை எங்கே வந்தாலும் கேளுங்க: இது யாரோட நோட்டு? இதில் கொடுத்தது யார்?

கிரெடிட் கார்டுக்கு வருவோம். பெயரில் இருக்கும் கிரெடிட், கடன். ஆனால் ஸ்டேட்மென்ட்டுக்கு உள்ளே போனால் நீங்க செலவு செய்வதெல்லாம் டெபிட். நீங்க கட்டுவதும், திருப்பி அனுப்பிய சட்டைக்கு வந்த ரீஃபண்டும் கிரெடிட். தொகைக்குப் பக்கத்தில் 'சிஆர்' என்று இருந்தால் பயப்படாதீங்க, அது உங்க பக்கத்து வரவு. பயப்பட வேண்டிய இடம் வேறே. லிமிட்டை ஏற்றிவிட்டோம், வாழ்த்துகள் என்று மெயில் வருமே, அது. உங்க சம்பளம் ஏறவில்லை. கடன் வாங்கக்கூடிய உச்சவரம்புதான் ஏறியிருக்கிறது.

பில் 40,000 ரூபாய் என்று வைங்க. குறைந்தபட்சத் தொகை 2,000 மட்டும் கட்டுறீங்க. மீதி 38,000. மாசம் 3.5% வட்டி என்றால் 1,330 ரூபாய், அதுக்கு மேல் 18% ஜிஎஸ்டி 239 ரூபாய். மொத்தம் 1,569. அதாவது நீங்க கட்டின 2,000-ல் கடன் நிஜமா குறைந்தது 431 ரூபாய்தான். இதுவும் சுலபமாகப் போட்ட கணக்கு. பொதுவாக முழு பில்லும் கட்டாதபோது வட்டியைச் செலவு செய்த தேதியிலிருந்தே போடுவார்கள். புதுசா வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. கார்டை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுப்பது இதைவிட மோசம். எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதோடு தனிக் கட்டணமும் உண்டு.

இன்ஸ்டன்ட் கிரெடிட் ஆப்பில் இரண்டு அர்த்தமும் ஒரே வரியில் மோதும். 50,000 ரூபாய் கிரெடிட், அதாவது கடன், கிடைத்தது என்பார்கள். அக்கவுண்டில் கிரெடிட், அதாவது வரவு, ஆனது 48,820-தான் இருக்கும். 2% பிராசஸிங் ஃபீஸ் 1,000, அதுக்கு ஜிஎஸ்டி 180 முதலிலேயே போய்விட்டது. வட்டி மட்டும் முழு 50,000-க்கு ஓடும். இதுக்காகத்தான் 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் முக்கியத் தகவல் அறிக்கை தரணும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கேஎஃப்எஸ் என்பார்கள். அதில் ஏபிஆர் என்று ஒரு வரி இருக்கும். வட்டியும் கட்டணங்களும் சேர்த்து வருஷத்துக்கு நிஜமா எத்தனை சதவீதம் என்பது அதுதான். விளம்பரத்தில் பெரிசா போட்ட எண்ணை விடுங்க, இந்த எண்ணைப் பாருங்க.

இப்போ சம்பளக்காரர்கள் அதிகம் கவனிக்காமல் விடும் கிரெடிட்: டிடிஎஸ் கிரெடிட்.

சம்பளச் சீட்டில் மாசம் 4,500 ரூபாய் டிடிஎஸ் பிடித்திருக்கிறார்கள். வருஷத்துக்கு 54,000. உங்களைப் பொறுத்தவரை வரி கட்டியாச்சு. ஆனால் சம்பளச் சீட்டு உங்க ஆபீஸோட நோட்டு. வருமான வரித் துறையோட நோட்டு வேறே. அது உங்க பான் எண்ணில் இருக்கும் 26ஏஎஸ் என்ற படிவம். ஆபீஸ் பணத்தைக் கட்டி, சரியான பான் எண் போட்டுக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அங்கே உங்களுக்குக் கிரெடிட் ஏறும்.

என்னிடம் வந்த ஒரு பையனுக்கு 26ஏஎஸ்ஸில் 40,500-தான் இருந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த 13,500 காணோம். சின்ன கம்பெனி, பணத் தட்டுப்பாடு, பிடித்தார்கள், கட்டவில்லை. அவர் சம்பளச் சீட்டை நம்பி ரிட்டர்ன் போட்டிருந்தார். டிபார்ட்மென்ட் 13,500-ஐ வட்டியோடு அவரிடமே கேட்டது.

சட்டம் இங்கே ஊழியர் பக்கம்தான். முதலாளி பிடித்துவிட்ட வரியை ஊழியரிடம் நேரடியாகத் திரும்பக் கேட்கக்கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. இந்த மாதிரி வித்தியாசத்துக்காக வசூல் நடவடிக்கையில் இறங்க வேண்டாம் என்று நேரடி வரிகள் வாரியமும் 2015 ஜூன் 1-இல் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது. ஆனால் பிடித்தார்கள் என்று காட்டுவது உங்க வேலை. சம்பளச் சீட்டுகளும், சம்பளம் குறைந்து வந்ததைக் காட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கையில் இருக்கணும். வேலையை விட்டால் ஆபீஸ் போர்டலுக்குள் போக முடியாமல் போகலாம், அதனால் மாசாமாசம் இறக்கி வைங்க.

ஒரு விஷயம், ஏப்ரலில் 26ஏஎஸ்ஸைப் பார்த்துவிட்டு எச்ஆரிடம் சண்டைக்குப் போகாதீங்க. கடைசிக் காலாண்டுக்கான கணக்கைத் தாக்கல் செய்ய ஆபீஸுக்கு மே 31 வரை நேரம் இருக்கு. ஜூன் பாதிக்கு மேல் பாருங்க. அப்பவும் குறைந்தால் முதலில் பான் எண் தப்பா போயிருக்கிறதா என்று கேளுங்க. நிறைய தடவை அதுதான் காரணம். அவங்க திருத்தக் கணக்குப் போட்டால் சரியாகிவிடும்.

பிஎஃப்பிலும் இதே கதைதான். சீட்டில் பிடித்தது உங்க பாஸ்புக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்க. அடுத்த மாசம் 15-க்குள் ஆபீஸ் கட்டணும். வட்டி மட்டும் ஏறாமல் இருந்தால் கவலை வேண்டாம். அதை மாசாமாசம் கணக்கிட்டு, வருஷம் முடிந்தபிறகுதான் மொத்தமாக வரவு வைப்பார்கள். சில வருஷம் தாமதமாகும்.

கிரெடிட் ஸ்கோர் பற்றி நம்ம சேனலில் நிறைய பேசியாச்சு. 300-லிருந்து 900 வரை போகும் அந்த எண்ணில் கிரெடிட் என்பதுக்கு அதோட பழைய அர்த்தம்: உங்களை எவ்வளவு நம்பலாம்? சம்பளமோ சேமிப்போ அதில் வராது. வாங்கின கடனை எப்படிக் கட்டினீங்க என்பதுதான் பெரும்பங்கு. நீங்களே பார்த்தால் ஸ்கோர் குறையாது. நாலு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தரணும்.

கடைசியா, போலி கிரெடிட். '5,000 ரூபாய் கிரெடிட் ஆனது' என்று ஏதோ ஒரு பத்து இலக்க நம்பரிலிருந்து மெசேஜ் வரும். பின்னாலேயே போன்: "சார், அம்மாவுக்கு அனுப்ப வேண்டியதை மாத்தி உங்களுக்கு அனுப்பிட்டேன், கொஞ்சம் திருப்பி அனுப்பிடுங்க சார்." மெசேஜ் யாரோட நோட்டும் இல்லை. பேங்க் ஆப்பைத் திறந்து பேலன்ஸைப் பாருங்க. ஏறவில்லை என்றால் போனை வைங்க. நிஜமாவே ஏறியிருந்தாலும் அவர் சொல்லும் நம்பருக்கு அனுப்பாதீங்க, உங்க பேங்கிடம் சொல்லுங்க. ஏற்கெனவே அனுப்பிட்டீங்கன்னா உடனே 1930-க்குப் போன் போடுங்க.

அடுத்த வாரம் இன்னொரு வார்த்தை: 'ரிட்டர்ன்'. எஸ்ஐபியில் வந்தால் சந்தோஷம், ஜூலையில் போடாவிட்டால் அபராதம், இஎம்ஐக்கு ஆனால் பேங்க் சார்ஜ்!