மதில் இல்லாத மதில் ஊர்

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் இரண்டு நாள், மதில் சூழ்ந்த பழைய பிரெஞ்சு ஊர் ஒன்றைப் பார்க்க ஆசை. சிதம்பரத்திலிருந்து எங்கே போகலாம்?

பதில்: புதுச்சேரிதான். ஆனால் மதிலைத் தேடாதீர்கள். 1761-இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையை இடித்துத் தள்ளிவிட்டார்கள். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்திருந்தார். பழிக்குப் பழி! போகிற வழியில் அங்கே இறங்குங்கள். 1690-இல் மராட்டியரிடம் அதை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரை ஆங்கிலேயருக்குச் சொந்தம் என்று பேச்சு. அந்தக் குண்டு இன்றும் குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் கிடக்கிறது. மதில்தான் வேண்டுமென்றால் உங்கள் நடராசர் கோயிலே இருக்கிறது; அங்கும் பிரெஞ்சுப் படை தங்கியதுண்டு. ஆருத்ரா தரிசனத்துக்குள் ஊர் திரும்பிவிடுங்கள்.