பள்ளியிறுதியிற் சமய தத்துவக் கல்வி

சமயத்தை அறிவால் ஆராய்தல் வேறு, அன்பாற் கடைப்பிடித்தல் வேறு என்பார் பலர். இவ்விரண்டும் தம்முள் மாறுகொள்வனவோ, ஒன்றற்கொன்று துணையாவனவோ என்பது ஆராயற்பாலது. அதற்கு ஆங்கில நாட்டுப் பள்ளிகளில் இறுதி ஈராண்டிற் பயிற்றப்படும் சமயக் கல்வியை ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்வாம். சைவக் குடியிற் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளும் ஆங்குப் பயின்று வருதலின், இது நமக்குப் புறம்பான செய்தியன்று.

அந்நாட்டில் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அரசின் பொருளுதவி பெறும் பள்ளிகளிற் சமயபோதனை நடைபெறல் வேண்டுமென விதித்தது. பெற்றோர் விரும்பின் தம் பிள்ளையை அதனின்றும் விலக்கிக்கொள்ளும் உரிமையையும் உடன் வைத்தது. பதினாறு வயதின்பின் பயிலும் மேல்வகுப்பிலோ, சமயவியல் என்பது மாணவர் தாமே விரும்பித் தெரிந்தெடுக்கும் தனிப் பாடமாம். தேர்வுச் சபைகளுள் ஒன்றாகிய ஓ.சி.ஆர். வகுத்து 2016-இற் கற்பிக்கத் தொடங்கப்பெற்ற பாடத்திட்டம், சமய தத்துவம், ஒழுக்கவியல், ஒரு சமயத்தின் கருத்து வளர்ச்சி என மூன்று கூறுடையது. மூன்றாவதற்குக் கிறித்தவம், இஸ்லாம், யூதம், பௌத்தம், இந்து சமயம் என்பவற்றுள் ஒன்றைக் கொள்ளலாமென வகுக்கப்பட்டது. கட்டுரை ஒன்றற்கு 40 மதிப்பெண். அவற்றுள் அறிந்ததை எடுத்துரைத்தற்கு 16. ஆராய்ந்து முடிவு காண்டற்கு 24.

இப்பகுப்பு உற்று நோக்கத்தக்கது. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நம் நூல்கள் ஞானநெறியை நான்காக வகுக்கும். அவற்றுட் கேட்டலினும் சிந்தித்தற்கே மிகுதியான இடம் அப்பள்ளியில் அளிக்கப்படுகின்றது. நம்மிடையிற் சமயபாடமென்பது பெரும்பாலும் கேட்டலளவில், அதனினும் சுருங்கி நெட்டுருவளவில், நின்றுவிடுதல் யாவரும் அறிந்ததே.

ஆங்கு எழுப்பப்படும் வினாக்களுள் ஒன்றை நோக்குவாம். கடிகாரத்தைக் கண்டார் அதனைச் செய்தான் ஒருவன் உளனெனத் துணிதல்போல, உலகைக் கண்டும் கருத்தாவைத் துணியலாமெனப் பேலி என்பார் 1802-இல் எழுதினார். அதற்கு முன்னரே, 1779-இல் வெளிவந்த ஹியூம் நூலில், "காரியம் கொண்டு கருத்தா உளனெனினும் அவன் ஒருவனே என்பது எங்ஙனம் பெறப்படும்? வீடு கட்டுவார் பலராகலாமன்றோ?" என்னுங் கருத்துப்பட ஒரு தடை காணப்படுகின்றது. சிவஞானபோத முதற் சூத்திரத்தை வரப்படுத்தியதோடு நின்ற மாணவன் இத்தடைமுன் வாய்வாளாது நிற்பன். அதன் பொருளைச் சிந்தித்தவனோ, முத்தொழிற்படும் உலகு எவனிடத்தில் ஒடுங்குகின்றதோ அவனே முதல்வன் என ஒடுக்கத்தை முன்னிட்டு நிறுவும் முறையை எடுத்துக்காட்டி விடையிறுக்க முயல்வன். பேலியின் வாதத்தில் இல்லாத ஓர் உறுப்பு இதன்கண் உண்மையையும் அவன் உணர்வன்.

தீமை பற்றிய வினாவும் அத்தகைத்தே. எல்லாம் வல்லானும் அருளாளனுமாகிய இறைவன் படைத்த உலகில் துன்பம் என்னை? அகஸ்தீன் உயிர்களின் சுதந்திரத்தால் விளைந்த வீழ்ச்சியைக் காரணமாகக் கூறினார். ஜான் ஹிக் உயிர் பக்குவமெய்தும் களம் இவ்வுலகு என்றார். ஆணவமலம் அநாதி என்றும், தனு கரண புவன போகங்கள் மலபரிபாகத்தின் பொருட்டே தரப்படுவன என்றும் கூறும் சித்தாந்தம் ஹிக் கொள்கைக்கு ஒருவாற்றான் அணித்தாயினும், மலம் இறைவனாற் படைக்கப்பட்டதன்று என்பதனால் அதனின் வேறுபடும். "அநாதியாகிய மலத்தை இறைவன் ஒருங்கே நீக்காமை என்னை?" என மாற்றார் வினவுவர். அவ்வினாவை மாணவனே முதற்கண் எழுப்பி விடைகாணப் பழகுதல் வேண்டும்.

இஃது அயலாரிடம் கடன்கொள்ளும் முறையன்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரிற் பரபக்கத்தை முன்வைத்து, உலகாயதர் முதலாயினார் கொள்கைகளைக் கூறி மறுத்த பின்னரே சுபக்கம் கூறினார். சுபக்கத்தின் தொடக்கத்தில் அளவை இலக்கணமும் வகுத்தார். பிறர் கொள்கையை அவரே உடன்படுமாறு எடுத்துரைக்க மாட்டாதவன் மறுப்பு, காற்றோடு பொருதலாம்.

ஆயினும் அம்முறைக்கும் எல்லை உண்டு. காண்ட், கடமையுணர்வே ஒழுக்கத்தின் வேர் என்றதையும், மில், பயனே அளவுகோல் என்றதையும் திறம்பட ஒப்பிட்டு எழுதிய மாணவன் ஒழுக்கமுடையனாதல் ஒருதலையன்று. இருபத்து நான்கு மதிப்பெண்ணும் சிந்தித்தலை அளக்கும். தெளிதலையும் நிட்டையையும் அளக்கமாட்டா. அவை ஆசிரியன் அருளானும் வழிபாட்டானும் வருவன.

ஆதலின், பள்ளியிறுதியிற் பயிலும் சைவ மாணவர்க்குத் திருமடங்களும் சங்கங்களும் நடத்தும் வகுப்புக்களில் ஒவ்வொரு சூத்திரத்தையும் பூர்வபக்கத்தோடு கற்பித்தலும், தடையும் விடையும் மாணவரே எழுதுமாறு பயிற்றலும், அவற்றோடு வழிபாட்டைக் கைவிடாமையும் இன்றியமையாதன என்பது எம் துணிபு. வினவ அஞ்சும் பிள்ளை வினவுவார் நடுவிற் சென்றபொழுது தன் சமயத்தை இழத்தல் கூடும். வினவிக் கற்ற பிள்ளை எங்குச் செல்லினும் அதனை உடன்கொண்டு செல்லும்.

சிவம்.