உங்கள் உயரத்துக்கு ஏற்ற நிறை எது? வீட்டிலேயே கணக்குப் பார்ப்போம்



நெல் மூடையில் ஒரு கிலோ குறைந்தாலும் நாம் கண்டுபிடித்துவிடுவோம். ஆனால் நம் உடம்பை நிறுத்துப் பார்த்து எத்தனை காலமாயிற்று? "ஆள் மெலிஞ்சு போனார்", "ஆள் நல்லாக் கொழுத்திட்டார்" என்று கண்ணால் பார்த்துச் சொல்வதோடு விட்டுவிடுகிறோம். கண் மதிப்பு பல வேளைகளில் ஏமாற்றும். சுற்றியுள்ள எல்லோரும் மெலிந்திருக்கும்போது மெலிவு இயல்பாகத் தோன்றும். ஆகவே இந்தப் பாடத்தில் உயரத்தையும் நிறையையும் வைத்து ஒரு கணக்குச் செய்யப் பழகுவோம்.

இடம்பெயர்ந்தோருக்கு இது ஏன் முக்கியம்?

2007ஆம் ஆண்டு போரின்போது படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்து, முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் தங்கினார்கள். பழுகாமம் பக்கத்தில் வயல் செய்தவர்களுக்கு அந்த நாட்களை நினைவூட்டத் தேவையில்லை. வயலும் மாடும் தோட்டமும் அக்கரையில் நின்றுவிட்டன. கையில் கிடைத்தது நிவாரண அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். வயிறு நிரம்பியது, ஆனால் மீனும் தயிரும் கீரையும் குறைந்தன. உடல் உழைப்பும் நின்றது.

இத்தகைய வாழ்வு ஒரே வீட்டில் இரு விதமான கேட்டை உண்டாக்கும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடும் தாய் மெலிந்து போவார். வேலையின்றி இருந்து, சீனி போட்ட தேநீரும் மா ரொட்டியுமாக நாளைக் கழிக்கும் தகப்பனுக்கு வயிறு முன்தள்ளும். இரண்டும் ஆபத்தே. தாயின் மெலிவு பிறக்கும் பிள்ளையின் நிறையைக் குறைக்கும். தகப்பனின் தொந்தி நீரிழிவுக்கும் குருதியமுக்கத்துக்கும் வழிவிடும்.

இந்தக் கணக்கு வந்த கதை

பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் அடோல்ஃப் கெற்றலே 1830களில் மனிதரின் நிறை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுவதைக் கண்டார். 1972இல் அமெரிக்க அறிஞர் அன்செல் கீஸும் அவருடைய குழுவினரும் இதற்கு "உடற்திணிவுச் சுட்டி" என்று பெயரிட்டனர். கிளினிக்கில் இதைத்தான் பி.எம்.ஐ. என்கிறார்கள்.

இதே கீஸ்தான் 1944-45இல் மினசோட்டாவில் பட்டினி பற்றிய ஆய்வை நடத்தியவர். போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி மீண்டும் உணவூட்டுவது என்று அறிவதே அதன் நோக்கம். போர்க்களம் செல்ல மனச்சாட்சி இடந்தராத 36 இளைஞர் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப் பட்டினி கிடந்தார்கள். உடல் நிறையில் ஏறக்குறைய காற்பங்கு குறைந்தது. அவர்களுக்குச் சோர்வும் எரிச்சலும் மனத்தளர்ச்சியும் வந்தன. எந்நேரமும் உணவு பற்றிய எண்ணமே இருந்தது. போதிய உணவு மீண்டும் கிடைத்தபோதே தேறினார்கள். ஆகவே மெலிந்த ஒருவரை "சோம்பேறி", "சிடுமூஞ்சி" என்று சொல்லுமுன் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையைப் பார்க்க வேண்டும்.

அளக்கும் முறை

1. உயரம்: செருப்பின்றி, குதிக்கால் சுவரில் படும்படி நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒரு கொப்பியைத் தலைமேல் மட்டமாக வைத்து, சுவரில் கரியால் கோடிட்டு, நிலத்திலிருந்து அளவுநாடாவால் அளக்கவும். ஓர் அங்குலம் 2.54 சென்ரிமீற்றர்.

2. நிறை: காலையில், மெல்லிய உடுப்புடன், வெறுங்காலில் நிறுக்கவும். நெல் நிறுக்கும் மேடைத் தராசும் உதவும். முதலில் பிரிக்காத 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றை வைத்துத் தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு

உயரத்தை மீற்றரில் எழுதி, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். வரும் விடையால் நிறையை வகுங்கள்.

உதாரணம் 1: ஒரு தாயின் உயரம் 150 செ.மீ., அதாவது 1.5 மீற்றர். நிறை 40 கிலோ. 1.5 × 1.5 = 2.25. 40 ÷ 2.25 = 17.8.

உதாரணம் 2: ஒரு தகப்பனின் உயரம் 165 செ.மீ., நிறை 68 கிலோ. 1.65 × 1.65 = 2.72. 68 ÷ 2.72 = 25.

விடை 18.5க்குக் குறைந்தால் நிறை போதாது. உலகம் முழுவதற்குமான மேல் எல்லை 25 ஆகும். ஆனால் ஆசிய மக்களுக்கு அதே சுட்டியில் உடலில் கொழுப்புக் கூடுதலாக இருப்பதையும், நீரிழிவு முன்னரே தொடங்குவதையும் கண்ட உலக சுகாதார நிறுவன நிபுணர் குழு, 23ஐத் தொட்டதுமே கவனம் வேண்டும் என்றும், 27.5க்கு மேல் ஆபத்து மிக அதிகம் என்றும் 2004இல் அறிவித்தது. ஆகவே நமக்கு 18.5 முதல் 22.9 வரை நல்ல எல்லை. மேற்சொன்ன தாய் குறைவு, தகப்பன் கூடுதல்.

கணக்குச் செய்ய நேரமில்லாதோர் கீழ்வரும் அட்டவணையைப் பார்க்கலாம்.

4 அடி 9 அங்குலம் (145 செ.மீ.): 39 – 48 கிலோ
4 அடி 11 அங்குலம் (150 செ.மீ.): 42 – 51 கிலோ
5 அடி 1 அங்குலம் (155 செ.மீ.): 45 – 55 கிலோ
5 அடி 3 அங்குலம் (160 செ.மீ.): 48 – 58 கிலோ
5 அடி 5 அங்குலம் (165 செ.மீ.): 51 – 62 கிலோ
5 அடி 7 அங்குலம் (170 செ.மீ.): 54 – 66 கிலோ
5 அடி 9 அங்குலம் (175 செ.மீ.): 57 – 70 கிலோ

இடுப்பையும் அளந்து பாருங்கள்

நிறை சரியாக இருந்தும் வயிற்றில் கொழுப்புச் சேரலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, மூச்சை விட்ட நிலையில் அளக்கவும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினால் கவனம் தேவை. மறுபுறம், மூடை சுமந்து இறுகிய உடம்புள்ளவருக்குச் சுட்டி சற்றுக் கூடினாலும் இடுப்பு சிறுத்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

யாருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது?

பிள்ளைகளுக்கும், 18 வயதுக்குக் குறைந்தோருக்கும் இந்த எல்லைகள் பொருந்தா. அவர்களின் வளர்ச்சியைக் கிளினிக் அட்டையிலுள்ள கோடுகளால் பார்க்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளையின் மேற்கை நடுச்சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் குறைந்தால் மருத்துவமாதுவிடம் காட்டுங்கள். 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. காலிலும் முகத்திலும் வீக்கம் உள்ளவரின் நிறை உண்மையான நிறை அல்ல. அதில் நீரும் சேர்ந்திருக்கும். அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

கர்ப்பிணிகளுக்கு, கர்ப்பம் தொடங்கிய காலத்து நிறையை வைத்தே கணக்கு. அப்போது 18.5க்குக் குறைந்திருந்தால் பேறுகாலம் வரை 12.5 முதல் 18 கிலோ வரை கூட வேண்டும். சரியான நிறையில் இருந்தவருக்கு 11.5 முதல் 16 கிலோ போதும். 2.5 கிலோவுக்குக் குறைந்த நிறையுடன் பிறக்கும் பிள்ளைக்கு நோய் எளிதில் தொற்றும். ஆகவே முதல் மூன்று மாதத்துக்குள் கிளினிக்கில் பதியுங்கள்.

என்ன செய்யலாம்?

நிறை குறைந்தவர்: மூன்று வேளைக்கு மேல் இன்னொரு வேளை உணவைச் சேர்க்கவும். சோற்றோடு பயறு, கௌபி, பருப்பு, முட்டை, நெத்தலி, குளத்து மீன் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும். முருங்கையிலையும் பொன்னாங்காணியும் காசில்லாமல் கிடைக்கும். சில மாதங்களில் காரணமின்றி நிறை குறைந்தாலோ, இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ சளியைப் பரிசோதிப்பது அவசியம்; அது சயரோகமாக இருக்கலாம். நெடுநாள் பட்டினி கிடந்து மிகவும் வாடிப்போனவருக்கு ஒரே நாளில் நிறையக் கொடுப்பது உயிராபத்து. வைத்திய மேற்பார்வையில் சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும்.

நிறை கூடியவர்: முதலில் தேநீருக்குச் சீனியைக் குறையுங்கள். கோதுமை மாவைக் குறைத்து, கோப்பையில் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும் ஒதுக்குங்கள். தினமும் அரை மணி நேரம் விரைந்து நடவுங்கள். 68 கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் மூன்று, நான்கு கிலோ குறைத்தாலே நல்ல பலன் உண்டு. பட்டினி கிடந்து இளைக்க முயல வேண்டாம்.

திரிபோஷாவைப் பற்றி ஒரு வார்த்தை. 1973 முதல் நம் நாட்டில் கொடுக்கப்பட்டு வரும் இந்த மா, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் உரியது. வீட்டில் எல்லோரும் உருண்டை பிடித்துச் சாப்பிட்டால் உரியவருக்குப் போய்ச் சேராது. ஆனால் பசித்த பிள்ளைகள் நால்வர் சுற்றி நிற்கையில் ஒருவருக்கு மட்டும் கொடுக்க எந்தத் தாயால் முடியும்? ஆகவே இது தனி வீட்டின் பிரச்சினை மட்டுமல்ல. மற்றப் பிள்ளைகளுக்குக் கஞ்சியாவது கிடைக்க ஊர் சேர்ந்து வழிகாண வேண்டும்.

குழுவாகக் கலந்துரையாடுவோம்

1. மாதர் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ ஒரு நாள் தராசு வைத்து எல்லோரையும் நிறுக்க முடியுமா? ஒவ்வொருவரின் அளவும் அவரவர் கொப்பியில் மட்டும் இருக்கட்டும். சபையில் வாசிக்க வேண்டாம்.
2. நம் வீடுகளில் கடைசியில் சாப்பிடுபவர் யார்? அவருக்கு எஞ்சுவது என்ன?
3. வயலுக்குத் திரும்ப முடியாத குடும்பங்கள், இருக்கும் வளவில் எந்த மூன்று பயிரை உடனே நடலாம்?

மூன்று மாதம் கழித்து மீண்டும் நிறுத்து, முதல் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில் கூட வேண்டியது குழுவிலேயே மிக மெலிந்த தாயின் நிறை.