மருத்துவ அட்டை: எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது?

உங்களிடம் மருத்துவ அட்டை இருந்தால், அண்மைய ஆண்டுகளில் சந்தா உயர்வுக் கடிதம் ஒன்று வீட்டுக்கு வந்திருக்கக்கூடும். அட்டை இல்லையென்றால், முகவர் ஒருவர் கைப்பேசியில் திட்டங்களைக் காட்டி, "அறைக் கட்டணம் 200 ரிங்கிட் போதுமா? ஆண்டு வரம்பை ஒரு மில்லியன் ஆக்கலாமா? முதல் 500 ரிங்கிட்டை நீங்களே கட்டுகிறீர்களா?" என்று கேட்டிருப்பார். இன்றைய தனியார் மருத்துவக் காப்புறுதி, அளவெடுத்துத் தைக்கும் சட்டையைப் போன்றது. எதைக் கூட்டினால் சந்தா ஏறும், எதைக் குறைத்தால் இறங்கும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

பெரும்பாலோர் சந்தாத் தொகையை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். இந்த வாரம், அந்தத் தெரிவுகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் பார்ப்போம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

மரண சகாய நிதியின் கணக்கு

தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு மரண சகாய நிதி நன்றாகத் தெரியும். எல்லாரும் மாதம் ஒரு சிறு தொகை கட்டுவார்கள். ஒரு வீட்டில் துக்கம் என்றால் அந்த நிதி கைகொடுக்கும். காப்புறுதியும் தக்காஃபுலும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. வேறுபாடு, சேரும் ஆட்களின் எண்ணிக்கையில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. நூறு குடும்பங்களில் 3 குடும்பங்களுக்கு ஓராண்டில் பெரிய மருத்துவமனைச் செலவு வரும் என்றும், அது 20,000 ரிங்கிட் என்றும் வைத்துக்கொள்வோம். 10 குடும்பங்கள் மட்டும் சேர்ந்து நிதி தொடங்கினால், நான்கில் மூன்று ஆண்டுகள் யாருக்கும் செலவே இராது. ஆனால் ஒரு வீட்டில் நோய் வந்துவிட்டால் ஒவ்வொரு குடும்பமும் 2,000 ரிங்கிட் போட வேண்டும். நிதி அன்றே கலைந்துவிடும்.

1,000 குடும்பங்கள் சேர்ந்தால் சராசரியாக 30 பேருக்குச் செலவு வரும். இருபதில் பத்தொன்பது ஆண்டுகள் அந்த எண்ணிக்கை 19க்கும் 41க்கும் இடையில் இருக்கும். தலைக்கு 380 ரிங்கிட் முதல் 820 ரிங்கிட் வரை. ஒரு லட்சம் குடும்பங்கள் சேர்ந்தாலோ, தலைக்கு ஏறத்தாழ 580 முதல் 620 ரிங்கிட்டுக்குள் அடங்கிவிடும். கூட்டம் பெருகப் பெருக, யாருக்கு நோய் வரும் என்பது தெரியாமலேயே, மொத்தம் எத்தனை பேருக்கு வரும் என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

இதைப் பேரெண் விதி என்பார்கள். சுவிட்சர்லாந்துக் கணிதவியலாளர் யாக்கோபு பெர்னூலி இதை நிறுவிக் காட்டினார். அவர் 1705இல் இறந்தார். அந்த நூல் 1713இல்தான் வெளிவந்தது. நீங்கள் வைத்திருக்கும் மருத்துவ அட்டை இந்த விதியின் மேல்தான் நிற்கிறது.

சந்தா ஏன் ஏறுகிறது?

முதல் காரணம், சிகிச்சைச் செலவே ஏறுவது. மலேசியாவில் மருத்துவச் செலவுப் பணவீக்கம் 2023இல் 12.6 விழுக்காடு, உலகச் சராசரி 5.6 விழுக்காடு. ஆண்டுக்கு 12.6 விழுக்காடு ஏறும் ஒரு செலவு, ஏறத்தாழ ஆறே ஆண்டுகளில் இரு மடங்காகிவிடும். இரண்டாவது காரணம் வயது. வயது ஏறும்போது மருத்துவமனைக்குப் போகும் வாய்ப்பும் ஏறுகிறது. அதற்கேற்பச் சந்தாவும் படிப்படியாக உயரும்.

மூன்றாவது காரணம் சற்று நுட்பமானது. சந்தா உயரும்போது முதலில் விலகுபவர்கள் உடல்நலத்தோடு இருப்பவர்கள். "நமக்கென்ன நோயா வரப்போகிறது" என்று அட்டையை விட்டுவிடுவார்கள். மிஞ்சுபவர்களில் நோயாளிகளின் பங்கு கூடும். சராசரிச் செலவு கூடும். சந்தா மறுபடியும் ஏறும். இன்னும் சிலர் விலகுவார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவக் காப்புறுதி கிடைப்பது ஏன் அரிதாக இருக்கிறது என்பதை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லொஃப் 1970இல் இந்த வழியில்தான் விளக்கினார். அந்த ஆய்வுக்காக 2001இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

நம் நாட்டில் 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டது. சந்தா உயர்வை ஒரேயடியாகச் சுமத்தாமல் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும் என்றும், தம் திட்டத்திலேயே மிகக் குறைந்த படியில் இருக்கும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஓராண்டு உயர்வை நிறுத்திவைக்க வேண்டும் என்றும் அறிவித்தது. இந்த இடைக்கால ஏற்பாடு 2026 இறுதி வரைக்குமானது. உயர்வைத் தள்ளிப்போடலாம்; அதன் காரணங்களைத் தள்ளிப்போட முடியாது. ஆகவே திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே நாம் கணக்குப் போட்டாக வேண்டும்.

நீங்கள் ஏற்கும் பங்கு

நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: உங்களால் தாங்கக்கூடிய செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், தாங்க முடியாததைக் காப்புறுதியிடம் விடுங்கள்.

சிகிச்சைச் செலவின் முதல் பகுதியை நீங்களே கட்ட ஒப்புக்கொள்வதை டிடக்டிபல் என்கிறார்கள். டிடக்டிபல் இல்லாத திட்டத்துக்கு ஆண்டுக்கு 3,000 ரிங்கிட், 5,000 ரிங்கிட் டிடக்டிபல் உள்ள திட்டத்துக்கு 1,800 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,200 ரிங்கிட் மிச்சம். 5,000ஐ 1,200ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4.2. அதாவது, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைக்குக் குறைவாக நீங்கள் மருத்துவமனையில் படுப்பீர்கள் என்றால் டிடக்டிபல் திட்டமே இலாபம். ஒரு நிபந்தனை: அந்த 5,000 ரிங்கிட் எப்போதும் கையில் இருக்க வேண்டும். மிச்சமாகும் 1,200ஐத் தனிக் கணக்கில் போட்டு வைப்பவருக்கு இது நல்ல திட்டம். செலவழித்துவிடுபவருக்கு ஆபத்தான திட்டம்.

மொத்தக் கட்டணத்தில் ஒரு விழுக்காட்டை நீங்கள் கட்டுவது இணைக் கட்டணம். முகவர்கள் கோ-பேமண்ட் என்பார்கள். 2024 செப்டம்பர் 1 முதல், நிறுவனங்கள் நோயாளியும் செலவில் பங்கேற்கும் திட்டங்களை வாடிக்கையாளருக்குத் தெரிவாகக் கொடுத்தாக வேண்டும். அந்தப் பங்கு குறைந்தது 5 விழுக்காடு, அல்லது 500 ரிங்கிட் டிடக்டிபல். இத்தகைய திட்டங்களின் சந்தா 19 முதல் 68 விழுக்காடு வரை குறைவு என்று பேங்க் நெகாரா சொன்னது.

இங்கே பார்க்க வேண்டியது உச்சவரம்பு. 40,000 ரிங்கிட் கட்டணத்தில் 5 விழுக்காடு என்றால் 2,000 ரிங்கிட், சமாளிக்கலாம். 200,000 ரிங்கிட் கட்டணத்தில் 20 விழுக்காடு என்றால் 40,000 ரிங்கிட். வீட்டை அடகு வைக்க நேரலாம். "அதிகபட்சம் நான் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்?" என்று கேட்டு, விடையை ரிங்கிட்டில் எழுத்தில் வாங்குங்கள்.

நோயாளி தன் கையிலிருந்து பணம் போட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 1974 முதல் 1982 வரை சோதித்துப் பார்த்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு திட்டங்களில் சேர்த்தது. பெரும்பங்கைத் தாமே கட்ட வேண்டியிருந்தவர்களின் செலவு, இலவசச் சிகிச்சை பெற்றவர்களைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருந்தது. பெரும்பாலோரின் உடல்நலம் இதனால் கெடவில்லை. ஆனால் அவர்கள் தேவையற்ற சிகிச்சையைக் குறைத்ததைப் போலவே தேவையான சிகிச்சையையும் குறைத்துக்கொண்டார்கள். வறுமையும் நோயும் சேர்ந்திருந்தவர்களில், இலவசத் திட்டத்தில் இருந்தவர்களுக்கு இரத்த அழுத்தம் மேலும் நன்றாகக் கட்டுப்பட்டது. ஆகவே உங்களுக்கு இரத்த அழுத்தமோ இனிப்பு நீரோ இருந்து, காசுக்குப் பயந்து மருத்துவரைத் தள்ளிப்போடும் பழக்கமும் இருந்தால், பெரிய இணைக் கட்டணத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அறையும் ஆண்டு வரம்பும்

அறைக் கட்டணத்தைக் கூட்டுவது பலருக்கு ஆசை. ஒற்றை அறை வசதிதான். ஆனால் நோயைக் குணப்படுத்துவது அறை இல்லையே. ஐந்து நாள் தங்கினால் 150 ரிங்கிட் அறைக்கும் 250 ரிங்கிட் அறைக்கும் வேறுபாடு 500 ரிங்கிட், தாங்கக்கூடிய தொகை. இங்கே குறைக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில பாலிசிகளில், உங்களுக்கு உரிய அறையைவிட உயர்ந்த அறையில் தங்கினால் அறை வித்தியாசத்தோடு மொத்தக் கட்டணத்திலும் ஒரு பங்கை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும்.

ஆண்டு வரம்பு அப்படியன்று. புற்றுநோய், இதய அறுவைச் சிகிச்சை, நீண்டநாள் தீவிரச் சிகிச்சை ஆகியவை உங்கள் சேமிப்பைத் தாண்டிப் போகும் செலவுகள். வரம்பில் கை வைத்துச் சந்தாவைக் குறைத்தால், மழைக்காலத்தில் கூரை ஓட்டைப் பிரித்து விற்றது போலாகும்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பார்த்தால்

உங்கள் ஊரையும் கணக்கில் சேருங்கள். புக்கிட் மெர்தாஜாமில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பக்கத்தில் செபராங் ஜெயா அரசு மருத்துவமனை. பண்டார் பெர்டாவில் கேபிஜே பினாங்கு தனியார் மருத்துவமனை. பாலத்தைக் கடந்தால் தீவில் பல தனியார் மருத்துவமனைகள். உங்கள் திட்டத்தின் பட்டியலில் எவை இருக்கின்றன? தீவில் உள்ளவை மட்டும் என்றால், நள்ளிரவு நெஞ்சுவலிக்குப் பாலம் கடப்பதா என்று இப்போதே யோசியுங்கள்.

பேங்க் நெகாராவின் ஏற்பாட்டின்படி அவசரச் சிகிச்சைக்கும், அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கும், புற்றுநோய், சிறுநீரகச் சுத்திகரிப்பு போன்ற கடும் நோய்களின் வெளிநோயாளித் தொடர் சிகிச்சைக்கும் இணைக் கட்டணம் கிடையாது. அரசு மருத்துவமனையில் குடிமக்கள் பொது மருத்துவரைப் பார்க்க 1 ரிங்கிட், சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 ரிங்கிட். சிறு நோய்களுக்கும் தொடர் மருந்துக்கும் அரசு மருத்துவமனையையே பயன்படுத்தும் குடும்பம், டிடக்டிபலைத் தைரியமாக உயர்த்தி, தனியார் அட்டையைப் பெரிய சிகிச்சைகளுக்கென்று வைத்துக்கொள்ளலாம்.

இனிப்பு நீரை மறைக்காதீர்கள்

2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில், வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவரை நெருங்குகிறது. விண்ணப்பத்தில் நோயைப் பற்றிக் கேட்கும் கட்டங்கள் நம்மைத்தான் அதிகம் தொடுகின்றன.

"போடாதீர்கள், யாருக்கும் தெரியாது" என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். கட்டணக் கோரிக்கை வரும்போது பழைய மருத்துவக் குறிப்புகள் கேட்கப்படும். மறைத்தது தெரிந்தால் கோரிக்கை மறுக்கப்படலாம். பாலிசியே செல்லாமல் போகலாம். உண்மையைச் சொன்னால் சந்தா கூடலாம், அல்லது அந்த நோய் மட்டும் விலக்கப்படலாம். விலக்கு இருந்தாலும் மற்ற நோய்களுக்குப் பாதுகாப்பு இருக்கும்.

காத்திருப்புக் காலமும் உண்டு. விபத்தைத் தவிர, பொதுவாக முதல் 30 நாள் எந்த நோய்க்கும் பணம் கிடைக்காது. இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய், கட்டிகள், பித்தப்பை மற்றும் சிறுநீரகக் கற்கள், குடலிறக்கம், மூலம் முதலியவற்றுக்கு 120 நாள். புதிய திட்டத்துக்கு மாறுபவர்களுக்கு இந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கலாம். ஆகவே புதியது நடைமுறைக்கு வரும் முன் பழையதை ரத்து செய்யாதீர்கள். அதைவிட, இப்போதைய நிறுவனத்திடமே டிடக்டிபலுள்ள மாற்றுத் திட்டம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

67 வயதுக் கணக்கு

இன்று 40 வயதில் ஆண்டுக்கு 2,400 ரிங்கிட் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வயதும் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு 8 விழுக்காடு ஏறினால், ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 49 வயதில் 4,800. 58 வயதில் 9,600. 67 வயதில் 19,200 ரிங்கிட், அதாவது மாதம் 1,600. அப்போது உங்களுக்குச் சம்பளம் இராது.

இன்று எளிதாகக் கட்டக்கூடிய திட்டத்தைவிட, ஓய்வுக்குப் பிறகும் கட்டக்கூடிய திட்டமே உங்களுடையது. இருபது ஆண்டு கட்டிவிட்டு, நோய் வரும் வயதில் விட்டுவிடுவதுதான் மிகப் பெரிய இழப்பு. முதலீட்டுடன் இணைந்த பாலிசி என்றால் இன்னும் கவனம் தேவை. மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் உங்கள் முதலீட்டு நிதியிலிருந்து கழிக்கப்படுகிறது. கட்டணம் ஏறி, சந்தா ஏறாமல் இருந்தால் நிதி கரைந்து, பாலிசி முன்கூட்டியே காலாவதியாகும்.

கையெழுத்திடும் முன்

முகவரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. 50, 60, 70 வயதில் இந்தச் சந்தா எவ்வளவு ஆகலாம்?

2. ஓராண்டில் என் கையிலிருந்து அதிகபட்சம் எத்தனை ரிங்கிட் போகும்?

3. எந்த வயது வரை புதுப்பிக்கலாம்? நோய் வந்தபின் புதுப்பிக்க மறுக்க முடியுமா?

4. செபராங் பிறையில் எந்த மருத்துவமனைகளில் அட்டை செல்லும்?

5. எந்த நோய்கள் விலக்கப்பட்டுள்ளன?

பாலிசி கைக்கு வந்தபின் 15 நாள் உங்களுக்கு உண்டு. படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லையென்றால் அதற்குள் திருப்பிக் கொடுக்கலாம். பின்னாளில் கோரிக்கை மறுக்கப்பட்டு நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்படவில்லையென்றால், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையிடம் கட்டணமின்றி முறையிடலாம். கல்வி, மருத்துவக் காப்புறுதிக்கான வருமான வரி விலக்கு 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் 4,000 ரிங்கிட் என்பதையும் மறக்காதீர்கள்.

அட்டை ஏற்கெனவே இருப்பவர்கள் இந்த வார இறுதியில் பாலிசியை எடுத்து, முதல் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் விடை தேடிப் பாருங்கள். விடை கிடைக்கவில்லையென்றால் திங்கட்கிழமை முகவரை அழையுங்கள்.